நமீபியாவில் முதல் வேட்டை. குடு, ஓரிக்ஸ் ஆகிய மான் போன்ற விலங்குகள் தவிர வேறு எது உண்மையில் சுவாரசியமாக இருக்கும்?

தயங்காமல் சொல்வேன்: வார்ட்ஹாக். பலர் இந்தப் பன்றியைப் பட்டியலின் கடைசியில் எழுதுவார்கள். ஊர் திரும்பியதும் முதலில் பேசுவது அதைப் பற்றித்தான்.

இது பகலில் மேயும் விலங்கு. கண்பார்வை மந்தம், மோப்பமும் செவியும் கூர்மை. அதனால் காற்று முகத்தில் அடிக்கும்படி நடந்தால் மிக அருகே நெருங்கலாம். முன்கால்களை மடக்கி மண்டியிட்டுக் கிளறும்போது நகருங்கள். தலை தூக்கினால் அசையாமல் நில்லுங்கள். வெயில் ஏறியதும் நீர்நிலைச் சேற்றுக்கு வரும். கன்னத்தில் இரண்டு சோடி மரு இருந்தால் ஆண். பெண்ணுக்கு ஒரு சோடிதான், அதுவும் சிறியது.

பெரும்பாலானோர் தவறுவது குறியில். ஆப்பிரிக்க விலங்குகளின் இதயம் நாம் நினைப்பதைவிட முன்னால், தாழ்வாக இருக்கும். பக்கவாட்டில் நிற்கும்போது முன்காலின் நேர்மேலே, உடல் உயரத்தின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் சுடவேண்டும். பின்னால் பட்டால் வயிறுதான். காயத்தோடு, ஆர்ட்வார்க் (எறும்பும் கரையானும் தின்னும் ஆப்பிரிக்க விலங்கு) தோண்டிய வளைக்குள் புகுந்துவிடும், மீட்பது பெரும்பாடு. அந்த வளை வாயில் குனிந்து பார்க்கவே கூடாது: வார்ட்ஹாக் பின்பக்கமாக நுழைவதால் தந்தம் வாசலை நோக்கியே இருக்கும். .270 அல்லது .308 காலிபர் (தோட்டா அளவு) துப்பாக்கி தாராளம். அனுமதிச் சீட்டும் உரிமம் பெற்ற வேட்டை வழிகாட்டியும் கட்டாயம்.