நோட்டீஸ் எழுதப் போகிறீர்களா? ஒரு வக்கீல் குமாஸ்தாவின் பதில்கள்

குன்னூரில் 26 வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தேன். நோட்டீஸ் எழுதுவது பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கேஸ் போடும் கட்டம் வந்துவிட்டால் வக்கீலைப் பாருங்கள்.

கேள்வி (கோத்தகிரி): ஐயா, பச்சைத் தேயிலை வாங்கிய ஏஜென்ட் கொடுத்த ரூ.42,000 செக், கணக்கில் பணமில்லை என்று திரும்பிவிட்டது. வட்டி, வண்டி வாடகை சேர்த்து ரூ.50,000 கேட்டு நோட்டீஸ் விடலாமா?

பதில்: மொத்தமாகக் கேட்காதீர்கள். செக் பணமில்லாமல் திரும்பினால் கேஸ் போட வழி சொல்லும் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆவது பிரிவில் போகிறீர்கள் என்றால், செக்கில் என்ன தொகையோ அதே தொகையைக் கேட்க வேண்டும். தொகை மாறிப்போய், 'டைப் அடித்ததில் பிழை' என்று சொன்னாலும் எடுபடாது என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வட்டியும் வாடகையும் வேண்டுமென்றால் தனிப் பத்தியில், தனித் தொகையாக எழுதுங்கள்.

செக் எண், தேதி, வங்கிக் கிளை, திரும்பிய நாள், காரணம் எல்லாம் முதல் பத்தியிலேயே வரட்டும். அப்புறம் ஒரே வரி: "இந்த நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் செக் தொகை ரூ.42,000-ஐ எனக்குச் செலுத்த வேண்டும்." துரோகி, மோசடிக்காரன் என்றெல்லாம் கோபத்தில் எழுதிவிடாதீர்கள். நாளைக்கு அந்த வார்த்தைக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.

நாள் கணக்கும் முக்கியம். செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். அவர் கையில் கிடைத்து 15 நாளில் பணம் வரவில்லையென்றால், அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் கொடுக்க வேண்டும். மழையில் மண் சரிந்தால் நம் மலையில் தபாலும் நின்றுவிடும். கடைசி வாரம் வரை இழுக்காதீர்கள்.

கேள்வி (கூடலூர்): சார், நான் அனுப்பிய நோட்டீசை எதிராளி வாங்க மாட்டேன் என்று திருப்பிவிட்டார். வீண்தானா?

பதில்: இல்லை. சரியான விலாசத்துக்குப் பதிவு செய்து அனுப்பிய நோட்டீசை அவர் மறுத்தாலும் சேர்ந்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். திரும்பி வந்த கவரைப் பிரிக்காமல், தபால்காரர் எழுதிய குறிப்போடு அப்படியே பத்திரமாக வையுங்கள்.

கேள்வி (ஊட்டி): அண்ணா, எங்கள் காட்டேஜில் '48 மணி நேரத்துக்கு முன் ரத்து செய்தால் முன்பணம் கிடையாது' என்று ஒட்டியிருக்கிறோம். சீசனில் தினமும் தகராறு.

பதில்: தகராறு அந்த வரியில்தான் இருக்கிறது. இரண்டு நாளுக்கும் முன்னாலேயே ரத்து செய்தால் கிடையாதா, கடைசி இரண்டு நாளில் ரத்து செய்தால் கிடையாதா? இரண்டு விதமாகவும் படிக்கலாம். மணிக்கணக்கை விட்டுவிட்டு நாளைச் சொல்லுங்கள்: "வெள்ளி மதியம் 12 மணிக்கு வருபவர், புதன் மதியம் 12 மணிக்குள் ரத்து செய்தால் முழு முன்பணமும் திருப்பித் தருவோம். அதற்குப் பிறகு ரத்து செய்தால் தர மாட்டோம்." அறை புக் செய்யும்போதே இதை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். வந்து இறங்கிய பிறகு சுவரில் படித்து அவர்களுக்கு என்ன பயன்?

கேள்வி (குன்னூர்): கடை ஓனர் அனுப்பிய கடிதத்தில், 'உரிய காலத்திற்குள் காலி செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள், தவறும் பட்சத்தில் தக்க நடவடிக்கை' என்று இருக்கிறது. எப்போது காலி செய்ய வேண்டும்?

பதில்: அதில் தேதியே இல்லையே! அதற்காகச் சும்மா இருந்துவிடாதீர்கள். "எந்தத் தேதிக்குள், என்ன காரணத்துக்காக என்று எழுத்தில் தெரிவியுங்கள்" என்று பதில் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். கையோடு வாடகை ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள்.

கேள்வி (மஞ்சூர்): நோட்டீஸ் தமிழில் இருந்தால் செல்லுமா? ஆங்கிலத்தில் இருந்தால்தான் மதிப்பு என்கிறார்களே?

பதில்: தாராளமாகச் செல்லும். நம் மாநிலத்தில் கீழமை நீதிமன்றங்களின் மொழியே தமிழ்தான். என் அப்பா எஸ்டேட் தொழிலாளி. ஒருமுறை அவருக்கு ஆங்கிலத்தில் ஒரு நோட்டீஸ் வந்தது. லைன் வீடுகளில் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போய் ஒருவரிடம் காட்டியபோது, பதில் தர வேண்டிய நாள் முந்தின நாளே முடிந்திருந்தது. அந்தக் காகிதத்தை அப்பா நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதனால் சொல்கிறேன்: வாங்குபவருக்கு எந்த மொழி படிக்கத் தெரியுமோ அதில் எழுதுங்கள். கடைசித் தேதியை மேலே, முதல் வரியிலேயே போடுங்கள்.