ப்ராட்வர்ஸ்ட் ஊரில் ப்ராட்வர்ஸ்ட் ஏக்கம்

கேள்வி: நான் திருச்சிக்காரி. கணவர் அமெரிக்கர். விஸ்கான்சின் மாநிலத்தில், மிச்சிகன் ஏரிக்கரையில் உள்ள ஷிபாய்கன் அவருடைய ஊர். நான்கரை வருடமாக ஜெர்மனியில், நியூரம்பெர்க்கில் இருக்கிறோம். மகளுக்கு ஐந்து வயது. வந்த புதிதில் அவருக்கு இந்த ஊர் ரொம்பப் பிடித்திருந்தது. இப்போதும் பிடிக்கிறது என்றுதான் சொல்கிறார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் முகம் தொங்கிப்போகிறது. அம்மாவிடம் போனில் பேசிவிட்டு அரைமணி நேரம் பால்கனியில் தனியாக நிற்கிறார். "ஊருக்கே திரும்பிவிடலாமா?" என்று கேட்டால், "எதற்கு?" என்கிறார். நானும்தான் பெற்றவர்களை விட்டு வந்திருக்கிறேன். நான் இப்படியா இருக்கிறேன்? ஒரு பணக்கார நாட்டிலிருந்து இன்னொரு பணக்கார நாட்டுக்கு வந்தவருக்கு அப்படி என்ன ஏக்கம்? எரிச்சல் வருகிறது. எரிச்சல்பட்டதை நினைத்தால் வருத்தமாகவும் இருக்கிறது. என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், நியூரம்பெர்க்

பதில்: முதலில் அந்த "நானும்தான்" என்ற சொல்லைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். இரண்டு பேருடைய ஏக்கத்தையும் தராசில் போட்டால் சண்டைதான் மிஞ்சும்.

நீங்கள் திருச்சியிலிருந்து கிளம்பியபோது விமான நிலையத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பருப்புப் பொடி, ஊறுகாய், விபூதிப் பொட்டலம் என்று பெட்டி நிறைந்திருக்கும். அழவேண்டியவர்கள் அழுதிருப்பார்கள். நம்மிடம் பிரிவுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெளிநாடு போகிறவளுக்கு ஊர் நினைப்பு வரும் என்று எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். உங்கள் கணவரிடம் என்ன சொல்லி அனுப்பியிருப்பார்கள்? "ஜெர்மனியா? அங்கே பீர் நன்றாக இருக்கும்." அவ்வளவுதான். அவர் ஊர்ப் பக்கம் 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியர்கள் வந்து குடியேறிய பகுதி. அன்று பெட்டி கட்டி வந்தவர்கள் அழுதிருப்பார்கள். அதே வழியில் திரும்பிப் போகிறவனும் அழலாம் என்று அந்த ஊரில் யாருக்கும் தோன்றியிருக்காது.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவின் பொருள் எங்கும் கிடைக்கிறது. அதனால் அமெரிக்கருக்கு ஒன்றும் குறையவில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள், அவரும் சேர்த்து. நியூரம்பெர்க்கில் நல்ல இட்லி கிடைத்தால் உங்களுக்கு அன்றைக்குத் திருவிழா. கோக் பாட்டிலைப் பார்த்து எந்த அமெரிக்கர் கண்கலங்குவார்? ஹாலிவுட் படம், பர்கர், ஜீன்ஸ் எல்லாம் தெருமுனையில் இருக்கின்றன. அவர் தேடுவது அங்கே இல்லை. ஜீன்ஸை உலகுக்குக் கொடுத்த லெவி ஸ்ட்ராஸே நியூரம்பெர்க்குக்கு வடக்கே, பாம்பெர்க் பக்கத்து புட்டன்ஹைமில் பிறந்து 1847 வாக்கில் அமெரிக்காவுக்குப் போன பையன்தான். இதை உங்கள் கணவர் ஏற்கெனவே பத்து பேரிடம் சொல்லியிருப்பார் என்று பந்தயம் கட்டுகிறேன்.

சரி, அவர் தேடுவது எது? என் ஊகத்தைச் சொல்கிறேன், நீங்கள் சரிபாருங்கள். ஷிபாய்கன்காரர்கள் தங்கள் ஊரை ப்ராட்வர்ஸ்ட் என்கிற ஜெர்மன் தொத்திறைச்சிக்கு உலகத் தலைநகர் என்று சொல்லிக்கொள்கிறவர்கள். 1953 முதல் அதற்கென்று ஒரு விழாவே எடுக்கிறார்கள். கரி அடுப்பில் சுட்ட தடித்த தொத்திறைச்சி இரண்டை ஒரு மொறுமொறு ரொட்டிக்குள் வைத்து, வெண்ணெய், வெங்காயம், கடுகுச் சாந்து போட்டுத் தருவார்கள். நீங்கள் இருப்பதோ ப்ராட்வர்ஸ்ட்டுக்கே பேர்போன நியூரம்பெர்க். அங்கே அது விரல் நீளம்தான், ஏழிலிருந்து ஒன்பது சென்டிமீட்டர். மர்ஜோரம் இலை வாசனையோடு மூன்றை ஒரு சின்ன ரொட்டிக்குள் வைத்துக் கையில் கொடுப்பார்கள். ருசியில் குறை சொல்லவே முடியாது. ஆனால் பெயர் அதுவாகவும் ருசி வேறாகவும் இருந்தால், இல்லாததை விட அது அதிகமாக உறுத்தும். சென்னை உணவகத்தில் வேறு யாரோ வைத்த "அம்மா கை வத்தக்குழம்பு" சாப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

சாப்பாட்டை விட்டுவிடுவோம். எனக்குப் பெரிதாகப் படுவது பேச்சு. உங்கள் கணவர் ஊரில் கலகலப்பானவராக இருந்திருப்பார். கடையில் பணம் கட்ட நிற்கும்போது முன்னால் நிற்கிறவரிடம் பனியைப் பற்றி இரண்டு வார்த்தை, பின்னால் நிற்கிறவரிடம் பேக்கர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியைப் பற்றி நான்கு வார்த்தை. விஸ்கான்சினில் அதற்குப் பேர் மரியாதை. ஜெர்மனியில் வரிசையில் நிற்கிறவரிடம் அப்படிப் பேச்சுக் கொடுத்தால், இவருக்கு என்ன வேண்டும் என்று திரும்பிப் பார்ப்பார்கள். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. முன்பின் தெரியாதவரைத் தொந்தரவு செய்யாமல் இருப்பது அவர்கள் ஊர் மரியாதை. இவர் ஜெர்மன் பேசத் தொடங்கினால் உச்சரிப்பைக் கேட்டதும் அவர்களே ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள், உதவி என்று நினைத்து. நான்கரை வருடம் கழித்தும் ரொட்டிக்கடைக்கு வேண்டிய ஜெர்மன்தான் கையில் இருக்கும். ஷிபாய்கனில் எல்லோரையும் சிரிக்கவைத்த மனிதர் ஜெர்மன் மொழியில் சுவாரசியமே இல்லாதவராகிவிடுகிறார். இந்த இழப்பை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

வீட்டிலோ ஐந்து வயது மகள். அப்பா ஆங்கிலத்தில் கேட்டால் அவள் ஜெர்மனில் பதில் சொல்லத் தொடங்கியிருப்பாள், இல்லையா? நவம்பர் 11, புனித மார்ட்டின் நாள் ஊர்வலத்தை நினைத்துப் பாருங்கள். குழந்தைகள் காகித விளக்கைக் கம்பில் மாட்டிக்கொண்டு இருட்டில் பாடிக்கொண்டே போவார்கள். அழகான காட்சி. கூடவே நடக்கிற பெற்றோர்களும் பாடுவார்கள், சின்ன வயதில் பாடிய பாட்டு. உங்கள் கணவர் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு நடப்பார். அவருக்கு அந்த மாலை சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷத்திலேயே ஒரு முள்ளும் இருக்கிறது. நீங்கள் மகளிடம் தமிழில் பேசினால், தமிழ் காப்பாற்றப்படவேண்டிய மொழி என்று ஊரே பாராட்டும். அவருடைய ஆங்கிலத்துக்கு அந்தப் பரிதாபமும் கிடையாது. ஆங்கிலம் எப்படியும் வந்துவிடும் என்பார்கள். ஆங்கிலம் வரும். ஷிபாய்கன் பாட்டி பேசுகிற ஆங்கிலம் தானாக வராது. வாரத்தில் இரண்டு இரவு மகளைத் தூங்கவைப்பதை அவர் பொறுப்பில் விடுங்கள், கதை முழுக்க ஆங்கிலத்தில். நீங்கள் அந்த அறைக்குள் போகாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை விஷயம் எனக்கு நன்றாகவே தெரியும். ஜெர்மனியில் ஒன்பது வருடம் குடியிருந்திருக்கிறேன். வந்த இரண்டாவது வாரம், ஒரு ஞாயிறு மத்தியானம், காலி கண்ணாடி பாட்டில்களைத் தெருவிலுள்ள தொட்டியில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது பாட்டில் விழுந்த சத்தத்துக்கு எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அந்தப் பாட்டி என்ன சொன்னார் என்று அன்று புரியவில்லை, தொனி மட்டும் நன்றாகப் புரிந்தது. ஞாயிறு அமைதிக்கு அங்கே சட்டப் பாதுகாப்பே உண்டு. 1919ஆம் வருடத்து வைமார் அரசியல் சட்டத்தில் (அன்றைய ஜெர்மன் குடியரசின் சட்டம்) எழுதியதை 1949இல் இப்போதைய அடிப்படைச் சட்டத்திலும் சேர்த்துக்கொண்டார்கள். கடை கிடையாது, புல்வெட்டும் இயந்திரம் கிடையாது. அமெரிக்கருக்கு ஞாயிறு என்றால் காரை எடுத்துக்கொண்டு ஒரு காரணமும் இல்லாமல் ஒரு பெரிய கடைக்குப் போய்ச் சுற்றிவிட்டு வருவதும் அடக்கம். அந்த நேரமெல்லாம் ஜெர்மனியில் வெறுமையாகக் கிடக்கிறது. வெறுமையில்தான் ஊர் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அந்த நேரத்தை நிரப்ப ஒரு வழி, ஆட்டம். அமெரிக்கக் கால்பந்து சீசன் செப்டம்பரில் தொடங்கும். பேக்கர்ஸின் கிரீன் பே மைதானத்தில் மதியம் 12 மணி ஆட்டம் என்றால் உங்கள் ஊரில் இரவு 7 மணி. அக்டோபர் கடைசியில் ஒரு வாரம் மட்டும் 6 மணியாகிவிடும். கடிகாரத்தை ஐரோப்பா முதலில் மாற்றும், அமெரிக்கா ஒரு வாரம் தாமதமாக மாற்றும். ஞாயிறு இரவு அவருடைய அண்ணனோ நண்பரோ வீடியோவில் கூட இருந்து பார்க்கட்டும். உங்களுக்கு அந்த விளையாட்டு புரியாமல் போனால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து "இப்போது எதற்குக் கத்தினீர்கள்?" என்று கேட்டால் போதும். விளக்கம் சொல்வதில் அவருக்கு ஒரு அரைமணி போய்விடும், அதுவும் சந்தோஷமாக.

"எதற்கு?" என்று அவர் கேட்டாரே, அதை மழுப்பல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருக்கு அங்கே வாழ்க்கை நிஜமாகவே பிடித்திருக்கிறது. ஐந்து நாள் வேலைவாரத்துக்கு வருடம் 20 நாள் சம்பளத்தோடு விடுப்பு கொடுத்தே ஆகவேண்டும் என்பது ஜெர்மன் சட்டம். பல அலுவலகங்களில் 30 நாள்கூடக் கிடைக்கும். அமெரிக்க மத்திய அரசுச் சட்டத்தில் ஒரு நாள்கூட இல்லை. காடு வரைக்கும் சைக்கிளில் போகலாம், ரயிலிலேயே ஊரெல்லாம் சுற்றலாம். ஆனால் இதையெல்லாம் அவரால் அம்மாவிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாது. "மகள் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாள், பில்லைப் பார்த்து நாங்கள் பயப்படவேண்டியிருக்கவில்லை" என்று சொன்னால், ஷிபாய்கனில் மருந்துச் செலவைக் கணக்குப்போட்டுக்கொண்டிருக்கும் அம்மாவைக் குத்திக்காட்டியது போல ஆகிவிடும். ஏக்கத்தைச் சொன்னாலோ, "அப்படியானால் கிளம்பி வாடா" என்பார் அம்மா. இரண்டையும் சொல்லமுடியாமல் போனை வைக்கிற மனிதர் பால்கனிக்குத்தான் போவார். அந்த நேரத்தில் தீர்வு எதையும் நீட்டாதீர்கள். ஒரு காபியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "அம்மா இன்றைக்கு என்ன சமைத்தார்களாம்?" என்று மட்டும் கேளுங்கள்.

அங்கேயுள்ள ஜெர்மன்-அமெரிக்க நிறுவனம் என்ற பண்பாட்டு மையத்துக்கும் ஒரு முறை போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் ஊரிலேயே இருக்கிறது. வெளிநாட்டில் வாழும் அமெரிக்கர்களின் கூட்டங்களைப் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை: சிலவற்றில் ஜெர்மானியரைக் குறை சொல்வதே முழுநேர வேலை. இரண்டாவது சந்திப்பிலும் அதே புலம்பல் என்றால் நழுவிவிடலாம். அதைவிட எனக்குப் பிடித்த யோசனை அக்கம்பக்கத்து ஃபிராங்கோனியர்கள், அதாவது நியூரம்பெர்க் வட்டாரத்து மக்கள். அந்தப் பக்கத்து மனிதர்கள் எதையாவது உச்சத்தில் பாராட்டவேண்டும் என்றால் "பாஸ்ட் ஷோ" என்பார்கள், "பரவாயில்லை, சரியாத்தான் இருக்கு" என்கிற மாதிரி. விஸ்கான்சின்காரரும் பிரமாதமான ஒன்றைப் பார்த்து "நாட் டூ பேட்" என்கிற ஆள்தான். கீழ்வீட்டுக் கிழவரோடு பால்கனியில் கரி அடுப்பு மூட்டினால் இவர்கள் இருவருக்கும் மொழி பெரிதாகத் தேவைப்படாது. வீட்டு உரிமையாளர் புகைக்கு அனுமதிப்பாரா என்று முதலில் கேட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் பாட்டில் கதைதான்.

திரும்பிப் போவதைப் பற்றி ஒரு வார்த்தை. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை அந்தப் பேச்சே வேண்டாம். அவருடைய ஊரில் குளிர் இன்னும் கடுமை, ஆனால் பனி விழுந்த மறுநாள் வானம் நீலமாகிவிடும். உங்கள் ஊரில் வாரக்கணக்கில் சாம்பல் நிறம். அந்த நிறத்தில் எடுக்கிற முடிவை நான் நம்பமாட்டேன். காகித விஷயங்களையும் நிதானமாகப் பாருங்கள். 2024 ஜூன் 27 முதல் ஜெர்மன் குடியுரிமைக்குப் பொதுவாக ஐந்து வருட வாசம் போதும், பழைய பாஸ்போர்ட்டை விடவேண்டும் என்று ஜெர்மனி கேட்பதில்லை. அவர் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். உங்கள் நிலை வேறு, இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அமெரிக்கா போவதென்றாலும் மனைவி என்ற முறையில் உங்களுக்கு அவர் விண்ணப்பித்து விசா கைக்கு வர மாதங்கள் ஓடும். இன்னும் ஆறு மாதத்தில் ஐந்து வருடம் முடியப்போகிறது. அதற்குள் கிளம்புவது அவசரப்படுவது என்றுதான் எனக்குப் படுகிறது.

அதுவரை ஒன்று செய்யுங்கள். நவம்பர் நான்காவது வியாழன், தேங்க்ஸ்கிவிங் என்கிற அமெரிக்க நன்றித் திருநாள். ஜெர்மனியில் அது சாதாரண வேலைநாள், அதனால் பலரும் சனிக்கிழமைக்குத் தள்ளிவிடுவார்கள். இந்த வருடம் தள்ளாதீர்கள். இருவரும் வியாழனே விடுப்பு எடுங்கள். அன்றைக்குச் செய்கிற பூசணிப் பை என்ற இனிப்புப் பண்டத்துக்கு வேண்டிய டப்பா விழுது எளிதில் கிடைக்காது. ஆரஞ்சு நிற ஹொக்காய்டோ பூசணியை வேகவைத்து மசித்தால் போதும். அந்த விருந்துக்கு வேண்டிய முழு வான்கோழி சூப்பர் மார்க்கெட்டில் சும்மா கிடைக்காது, கறிக்கடையில் முன்கூட்டியே சொல்லிவைக்கவேண்டும்.

என் மாடிவீட்டில் ஒஹாயோ பெண் ஒருத்தி இருந்தாள். ஒன்பது கிலோ வான்கோழி சொல்லி வாங்கிவந்துவிட்டாள். ஜெர்மன் அடுப்பின் வெளியகலமே 60 சென்டிமீட்டர், அவள் ஊரில் 76. கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டு கதவு மூடவில்லை. கடைசியில் ரொட்டி அறுக்கும் கத்தியால் அதை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி அவள் அடுப்பில், மறுபாதி கீழே என் அடுப்பில். உருகிய வெண்ணெய்க் கிண்ணத்தோடு இரண்டு பேரும் மாறி மாறி மாடிப்படி ஏறி இறங்கினோம். சாப்பிட இரவு பத்தரை ஆகிவிட்டது. சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணீர் வந்தது, கொஞ்ச நேரத்தில் அது வேறு கண்ணீராக மாறியது. நான் பேசாமல் தட்டில் இன்னொரு துண்டு வைத்தேன்.

ஆகவே நவம்பர் பிறந்ததும் கறிக்கடைக்குப் போய்ச் சொல்லிவிடுங்கள். எத்தனை கிலோ என்று கேட்பார். போவதற்கு முன் டேப்பை எடுத்து அடுப்பின் உள்ளகலத்தை அளந்துகொண்டு போங்கள்.