கிராம சபை என்றால் என்ன? சாதாரண ஆள் பேசினால் எடுபடுமா?

ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் சேர்ந்ததுதான் கிராம சபை. தமிழ்நாட்டில் குடியரசு தினம், மே 1, சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி ஆகிய நாட்களில் கூடும். 2022-இல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்தார்கள்.

எந்தத் தெருவில் குழாய் வறண்டு கிடக்கிறது என்பது குடம் தூக்குகிறவருக்குத்தான் தெரியும், கோட்டையில் இருப்பவருக்குத் தெரியாது. அதனால்தான் இந்த ஏற்பாடு. கோயில் கொடைக்கு வரி கொடுத்தவர்கள் வரவு செலவு கேட்பதைப் போல, ஊராட்சிக் கணக்கையும் இங்கே கேட்கலாம். பேசுவதோடு விடாதீர்கள். "ரோடு வேண்டும்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல் இன்ன தெரு, இன்ன இடம் என்று சொல்லி, அது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிடுங்கள். ஏறாத பேச்சு காற்றோடு போச்சு.

அப்புறம், தலைவரும் வார்டு உறுப்பினர்களும் மட்டும் உட்காருவது ஊராட்சி மன்றக் கூட்டம். கிராம சபை அதுவல்ல, இதற்கு யாரும் உங்களை அழைக்க வேண்டியதில்லை.