ஊராட்சியோடு சேர்ந்து வேலை செய்யப் போகிறீர்களா? தமிழ்நாடு-கேரள எல்லையோரத்திலிருந்து நான்கு கேள்விகள்

புளியரை: ஒரு கம்பெனி எங்கள் ஊரில் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் கட்டித் தருவதாகச் சொல்கிறது. தலைவர் வாய்மொழியாகச் சம்மதித்துவிட்டார். போதுமா?

போதாது. ஊராட்சி மன்றக் கூட்டத்தில் தீர்மானம் வேண்டும், அப்புறம் எழுத்தில் ஒப்பந்தம். 2013 கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பதால் கட்டுவதற்குப் பணம் வந்துவிடும், ஆனால் கரண்ட் பில் யார் கட்டுவது, ஃபில்டர் யார் மாற்றுவது, மோட்டார் எரிந்தால் யாரைக் கூப்பிடுவது என்று எழுதாமல் விட்டதால் பூட்டிக்கிடக்கும் நிலையங்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பராமரிப்பு யார் பொறுப்பு என்ற வரி இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட விடாதீர்கள். கிராம சபையிலும் வாசிக்கச் சொல்லுங்கள். கம்பெனி வராவிட்டாலும், ஊர் செலவில் மூன்றில் ஒரு பங்கு திரட்டினால், மீதியைத் தமிழக அரசின் நமக்கு நாமே திட்டத்தில் கேட்கலாம்.

கொழிஞ்சாம்பாறை: எங்கள் அறக்கட்டளை வீடுகளில் பிளாஸ்டிக் சேகரிக்க விரும்புகிறது. பஞ்சாயத்துக்காக வீடு வீடாகக் கழிவு சேகரிக்கும் பெண்கள் குழுவான ஹரித கர்ம சேனையோடு சேரலாமா?

சேருங்கள், போட்டியாக இறங்காதீர்கள். வீடு வீடாகப் போகும் அந்தப் பெண்களுக்கு வீட்டுக்காரர்கள் தரும் கட்டணம்தான் முக்கிய வருமானம், நீங்கள் இலவசமாக அள்ளினால் அவர்கள் பிழைப்பு போகும். முதலில் குடும்பஸ்ரீ (கேரள மகளிர் குழு அமைப்பு) சிடிஎஸ், அதாவது அதன் பஞ்சாயத்து அளவிலான சங்கத்தின் தலைவியிடம் என்ன குறை என்று கேளுங்கள். தரம் பிரிக்க இடமா, வண்டியா, கையுறையா? அதை மட்டும் ஏற்றுக்கொண்டு பஞ்சாயத்துச் செயலாளரிடம் மனு கொடுங்கள். உங்கள் வார்டு கிராம சபையிலும் பேசுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அது கூடியாக வேண்டும்.

வடகரப்பதி: மனுவைத் தமிழில் தரலாமா?

தாராளமாக. 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ்ச் சிறுபான்மைப் பகுதி அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும்.

கோபாலபுரம்: கேரளப் பக்கத்துக் குப்பையை இரவில் எங்கள் ஓடையில் கொட்டுகிறார்கள். இரண்டு பஞ்சாயத்தும் ஒப்பந்தம் போட்டால் நிற்குமா?

இரண்டு மாநிலம், இரண்டு சட்டம், ஆகவே அந்தக் காகிதத்தை மட்டும் நம்பாதீர்கள். பக்கத்துப் பஞ்சாயத்தோடு பேச்சு இருக்கட்டும், வண்டி எங்கிருந்து வருகிறது என்று அவர்களுக்குத்தான் சீக்கிரம் தெரியும். ஆனால் வலு இருப்பது கலெக்டர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், பசுமைத் தீர்ப்பாயம் ஆகிய இடங்களில். 2024 டிசம்பரில் திருநெல்வேலி நடுக்கல்லூர் பக்கம் கொட்டிய மருத்துவக் கழிவைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகு கேரளமே லாரி அனுப்பி எடுத்துப் போனது. போட்டோ, தேதி, வண்டி எண், கிராம சபைத் தீர்மான நகல், இந்த நான்கையும் சேர்த்து இரண்டு மாவட்டக் கலெக்டர்களுக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள்.