முடி வளர்ந்த பிறகு – கடிதம்

அன்புள்ள சார்,

போனைத் திறந்தால் ஒரு விளம்பரம். புற்றுநோய் வந்து மொட்டைத் தலையோடு ஒரு குழந்தை, அழும் அம்மா, 'இன்னும் 18 லட்சம் தேவை'. 200, 500 என்று அனுப்பிக்கொண்டிருந்தேன், இப்போது சலித்துவிட்டது. ஒரே குழந்தைக்கு இவ்வளவு கொட்டுவதற்கு, நூறு பிள்ளைகளுக்கு முட்டை போடலாமே என்று தோன்றுகிறது. தப்பா?

ச., நாமக்கல்

அன்புள்ள ச.,

தப்பில்லை. ஆனால் அந்த 18 லட்சத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். தனியார் ஆஸ்பத்திரியில் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கு அப்படி ஆகும். குழந்தைகளுக்கு அதிகம் வரும் ஏஎல்எல் என்ற ரத்தப் புற்றில் பெரும்பாலோருக்கு அது தேவையே இல்லை. அதற்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட், மெர்காப்டோப்யூரின், வின்கிறிஸ்டின் எல்லாம் 1960களிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்ட மருந்துகள். வின்கிறிஸ்டின் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுப்பது. நாம் சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்கிவைத்த அதே செடிதான்.

ஆப்பிரிக்காவில் மலாவியின் பிளான்டயர் நகரில், தாடை வீங்கும் பர்கிட் லிம்போமா என்ற புற்றுக்கு 50 டாலருக்கும் குறைவான செலவில் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். ஏறக்குறையப் பாதிப் பிள்ளைகள் பிழைத்தார்கள். இங்கே 1980களில் சென்னை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி, மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் எம்சிபி 841 என்ற சிகிச்சை முறையைக் கொண்டுவந்தன. ஏஎல்எல் வந்த பத்துப் பேரில் இரண்டு பேர் தேறிய இடத்தில் நான்கு, ஐந்து, ஆறு பேர் என்று தேறினார்கள். பணக்கார நாடுகளில் இன்று குழந்தைப் புற்றுநோயாளிகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள். பல ஏழை நாடுகளில் அது 30 சதவீதத்தையும் தாண்டவில்லை.

ஏன் என்பதை நான் ஒரு வார்டு வராந்தாவில் பார்த்தேன். உறவுக்காரப் பையனுக்குத் துணையாகப் போயிருந்தேன். பக்கத்தில் திருவண்ணாமலைப் பக்கத்து அம்மா ஒருவர், மடியில் மஞ்சப்பை, அதற்குள் நாலாக மடித்த ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள். "கவுண்ட் ஏறலையாம், அடுத்த வாரம் வரச் சொல்லிட்டாங்க" என்றார். ரத்த அணுக்களின் எண்ணிக்கை ஏறாததால் ஊசி போடாமலே திரும்பவேண்டும். மருந்துக்குக் காப்பீட்டு அட்டை இருக்கிறது. ரயிலில் நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் சலுகை உண்டு. ஆனால் போன இரண்டு நாள் கூலி? லாட்ஜ் வாடகை? வீட்டில் விட்டுவந்த இன்னொரு பிள்ளை?

இதில் ஒரு பொல்லாத்தனம் உண்டு. முதல் மாதச் சிகிச்சையிலேயே பெரும்பாலான பிள்ளைகளுக்கு ரத்தத்தில் நோய் தெரியாமல் போய்விடும். அப்புறம் முடி வளரும், பையன் கிரிக்கெட் ஆடுவான். சிகிச்சையோ இரண்டு, இரண்டரை வருடம். 'நல்லாத்தானே இருக்கான், எதுக்கு ஊசி' என்று அப்பா கேட்கும் நாளில் வருகை நின்றுவிடுகிறது. நோய் திரும்பி வந்தபின்தான் பல குடும்பங்களுக்கு மஜ்ஜை மாற்று என்ற பேச்சே வருகிறது. உங்கள் போனில் வரும் 18 லட்சங்களில் சில இப்படிப் பிறந்தவையாக இருக்கலாம்.

மும்பையில் 2006 முதல் செயின்ட் ஜூட் இந்தியா மையங்கள் இந்தக் குடும்பங்களுக்கு இலவசமாகத் தங்க இடம் கொடுக்கின்றன. சமையலறையும் உண்டு.

முட்டையைப் பற்றிக் கேட்டீர்கள். எடை குறைந்த பிள்ளை கீமோ என்ற புற்றுநோய் மருந்தைத் தாங்குவது சிரமம், அதனால் முட்டை அந்த வார்டுக்கும் வேண்டும். அடுத்த முறை விளம்பரத்தைத் தள்ளிவிட்டு, புற்றுநோய் பார்க்கும் ஏதாவது அரசு ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளரிடம் கேளுங்கள், இந்த வாரம் வரவேண்டியவர்களில் யார் வரவில்லை என்று.