இல்லாத விரல்

வணக்கம் சார்,

மூன்று மாதமாக ஸ்டார் ட்ரெக்கின் ‘டீப் ஸ்பேஸ் நைன்’, ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ இரண்டையும் பார்த்து முடித்தேன். கதை பிடித்தது, போர்தான் அபத்தம். நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் பறக்கிறவர்கள் ஏன் இன்னும் பாறைக்குப் பின்னால் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கிறார்கள்? ட்ரோன் இல்லை, பீரங்கி இல்லை. வெற்றிடத்தில் வெடிச்சத்தம் வேறு. போரைத் துல்லியமாகக் காட்டிய அறிவியல் புனைவுத் தொடர் எது? தமிழில் ஏன் இப்படி ஒன்றும் வருவதில்லை? என் அப்பா ராணுவத்தின் தகவல்தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் 17 வருடம் இருந்தவர். அவரிடம் கேட்கலாமே என்று டிவி முன்னால் உட்கார வைத்தேன். சண்டைக் காட்சி வந்ததும் எழுந்து மாடிக்குப் போய்விட்டார்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் உங்களுக்குப் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

வெற்றிடத்தில் வெடிச்சத்தம் கேட்காதுதான். பின்னணி இசையும்தான் கேட்காது, அதை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்? தமிழில் ஏன் வருவதில்லை என்பதைப் பணம் போடுகிறவர்களிடம் கேளுங்கள்.

போன மாதம் பாளையங்கோட்டைக்கு ஒரு சாவுக்குப் போய்வந்தேன். சின்ன வயதில் எங்கள் தெருவில் இருந்தவர். மிலிட்டரி மாமா என்றுதான் கூப்பிடுவோம். 1971 போரில் மேற்கு எல்லையில் கண்ணிவெடியை மிதித்து, இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பூனாவில் ராணுவத்தின் செயற்கை உறுப்பு மையத்தில் கால் செய்து மாட்டி அனுப்பினார்கள். சாயங்காலமானால் அதைக் கழற்றி, ஷூவோடு அப்படியே வாசல் நிலையில் குடை மாதிரி சாத்தி வைத்துவிட்டுத் திண்ணையில் உட்காருவார். நாங்கள் நான்கைந்து பையன்கள் சுற்றி உட்கார்ந்துகொண்டு, மாமா எத்தனை பேரைச் சுட்டீங்க, எந்தத் துப்பாக்கி, டாங்கி கிட்டத்தில் வந்ததா என்று நச்சரிப்போம். சப்பாத்தி கல்லு மாதிரி இருக்கும்ல என்பார். காலையில் பூட்ஸுக்குள் தேள் கிடக்கிறதா என்று தட்டிப் பார்த்துத்தான் போட வேண்டும் என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. மனுஷன் பெரிய போர் எதையும் பார்க்கவில்லை போல என்று நாங்களே முடிவுகட்டிவிட்டோம். நீங்கள் எழுதியிருப்பதும் அந்தக் கேள்விகள்தான் எஸ். எங்களுக்கு அப்போது பத்து வயது. உங்களுக்கு என்ன?

சாவு வீட்டிலிருந்து திரும்பியதும், ஏனென்று தெரியவில்லை, பழைய ஸ்டார் ட்ரெக்கைப் போட்டுப் பார்த்தேன். 1966இல் தொடங்கியதே, அது. அதில் இன்ஜினியர் ஸ்காட்டியாக வரும் ஜேம்ஸ் டூஹனைத் தெரியும்தானே. கனடாவின் பீரங்கிப் படையில் லெப்டினன்ட். இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூன் 6 அன்று பிரான்சின் நார்மண்டியில் ஜூனோ கடற்கரையில் இறங்கியவர். அன்று ராத்திரி, பதற்றத்தில் இருந்த சொந்தப் படைக் காவலாள் ஒருவனே அவரைச் சுட்டுவிட்டான். ஆறு குண்டுகள். காலில் நான்கு. நெஞ்சுக்கு வந்ததைச் சட்டைப்பையில் இருந்த வெள்ளி சிகரெட் பெட்டி தடுத்தது. ஆறாவது வலது கை நடுவிரலைக் கொண்டுபோனது. அப்படிப்பட்ட மனிதரை விண்கலத்தில் நிறுத்தி, வாரா வாரம் போர், முற்றுகை, டார்பிடோ என்று காட்டிய தொடர், அந்தக் கையை மட்டும் கூடியவரை கேமராவுக்குத் தெரியாமலே பார்த்துக்கொண்டது. டிரிபிள் என்கிற பஞ்சுருண்டைப் பிராணிகளை அவர் அள்ளிக்கொண்டு வருகிற எபிசோடில் கண்ணை ஊன்றிப் பார்த்தால் தெரியும். நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அந்தப் படப்பிடிப்புத் தளத்தில் இருந்த ஒரே நிஜப் போர்க்காயம் அதுவாகத்தான் இருக்கும், அதைப் போய் ஒளித்து வைத்தார்கள்!

சரி, நீங்கள் திட்டும் அந்தப் பாறைக்கு வருகிறேன். டீப் ஸ்பேஸ் நைனின் ஏழாவது சீசன், எட்டாவது எபிசோட், 1998. ஏஆர்-558 என்று ஒரு பொட்டல் இடம், எதிரியிடமிருந்து பிடித்த தகவல்தொடர்புக் கருவி ஒன்றைக் காத்துக்கொண்டு கதையின் விண்படையான ஸ்டார்ஃப்ளீட்டின் வீரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். 90 நாளில் மாற்றியிருக்க வேண்டியவர்கள், ஐந்து மாதமாகக் கிடக்கிறார்கள். 150 பேர் வந்ததில் 43 பேர் மிச்சம். இயக்கிய வின்ரிச் கோல்பே வியட்நாம் போருக்குப் போய்வந்தவர். ட்ரோன் எங்கே என்று அவரிடமா கேட்கிறீர்கள்? அந்த மனிதருக்குத் தெரிந்தது காத்துக்கிடப்பது, அதைத்தான் எடுத்திருக்கிறார். கலாக்டிகாவின் முதல் எபிசோடும் அந்த வகைதான். 33 நிமிடத்துக்கு ஒரு தடவை சைலான்கள் என்கிற எதிரி ரோபோக்கள் வந்துவிடுகிறார்கள், ஐந்து நாளாக யாருக்கும் தூக்கமில்லை, பைலட்டுகள் மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டுகிறார்கள். அதில் வெடிக்கிற கப்பல்கள் எல்லாம் எனக்கு மறந்துவிட்டன, அந்த வீங்கின கண்கள் மறக்கவில்லை.

ஏஆர்-558இல் நாக் என்ற பையனுக்குக் கால் போகிறது. ஃபெரெங்கி என்கிற வேற்றுக்கிரக இனத்தைச் சேர்ந்தவன். முதல் சீசனில் திருட்டும் பித்தலாட்டமுமாகத் திரிந்த பயல், பிறகு ஸ்டார்ஃப்ளீட்டில் சேர்ந்த முதல் ஃபெரெங்கி. வேறு தொடராக இருந்தால் அடுத்த வாரமே புதுக்காலோடு ஓடியிருப்பான். இங்கே இரண்டு எபிசோட் கழித்து, பத்தாவதில், புதுக்காலோடுதான் வருகிறான், ஆனால் கைத்தடி ஊன்றிக்கொண்டு. கால் சரியாக இருக்கிறது என்கிறார் டாக்டர். அவனுக்கோ வலிக்கிறது. ஹோலோசூட் என்கிற, நிஜம் மாதிரியே பொய் உலகம் காட்டுகிற அறையில் 1962இன் லாஸ் வேகாஸ் மாதிரி ஒரு பொய்யூர் இருக்கிறது, அதற்குள் போய் வெளியே வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிடுகிறான். போர்க்களத்தில் கேட்ட ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுகிறான். எதிரி இல்லை, குண்டு இல்லை. முக்கால் மணி நேரம், ஒரு பையன், ஒரு கால். எனக்கு எதுவும் ஆகாது என்று நம்பிக்கொண்டிருந்தேன், காலே போகும் என்றால் நாளைக்கு உயிரும் போகலாமே என்று கடைசியில் உடைந்து அழுகிறான். நாகாக நடித்த ஆரன் ஐசன்பெர்க் 2019இல் இறந்துவிட்டார். அந்த அழுகையை அவரை விட்டால் யார் அழுதிருப்பார்கள்?

இல்லாத காலில் எப்படி வலிக்கும் என்று இணையத்தில் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். மிலிட்டரி மாமாவைக் கேட்டிருக்க வேண்டும். ஒருநாள் சாயங்காலம் மற்ற பையன்கள் போனபிறகு என்னைக் கூப்பிட்டார். நிலையில் சாத்தியிருந்த காலைக் காட்டி, “ஏல, பெருவிரல் அரிக்குல, கொஞ்சம் சொறிஞ்சு விடுல” என்றார். விளையாடுகிறார் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். விளையாடவில்லை. ஷூவைக் கழற்றினேன். உள்ளே மரப்பாதம், விரல் என்று தனியாக ஒன்றும் கிடையாது, முன்பக்கம் மொழுக்கென்று இருந்தது. பெருவிரல் இருக்க வேண்டிய இடத்தில் நகத்தால் சொறிந்தேன். மாமா கண்ணை மூடிக்கொண்டு, “இன்னும் கொஞ்சம் உள்ளுக்கு” என்றார். நகர்த்திச் சொறிந்தேன். ரொம்ப நேரம் கழித்து, “போதும்ல” என்றார். நான் ஷூவை மாட்டி, நாடா கட்டி, பழையபடி சாத்தி வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

துல்லியமான தொடர் எது என்று கேட்டிருந்தீர்கள். எட்டாவதை ஓடவிட்டுத்தானே அப்பா எழுந்து போனார்? நேராகப் பத்தாவதைப் போடுங்கள், அதில் சண்டை கிடையாது. அவர் பக்கத்தில் உட்காருங்கள், வாயைத் திறக்காதீர்கள். அப்போதும் மாடிக்குப் போனால், டிவியை அணைத்துவிட்டு ஒரு டம்ளர் காபியோடு நீங்களும் பின்னாலேயே போங்கள்.

அப்புறம், பேட்டில்ஸ்டாருக்கு ‘ட்’ வரும். நீங்கள் விட்டிருந்தீர்கள், திருத்திவிட்டேன்.