ஐப்பசி, கார்த்திகையில் டெல்டா நடையும் கேமராவும்: கேள்வி பதில்

வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே வகை. கணவன் மனைவி இருவராக, ஒரே நாளில், காவிரி டெல்டாவில் நடந்துகொண்டே படம் எடுக்க வேண்டும். மலை இல்லாத ஊரில் நடை என்றால் ஆற்றுக்கரை, வாய்க்கால் கரை, ஏரிக்கரைதான். தண்ணீர் எங்கே நிற்கிறது, வெயில் எந்தப் பக்கம் என்ற இரண்டையும் பார்த்துத்தான் நாளைத் திட்டமிட வேண்டும்.

கேள்வி (திருச்சி): அண்ணா, வெளிநாட்டுப் படங்களில் அக்டோபர், நவம்பர் என்றால் காடே சிவப்பும் மஞ்சளுமாக இருக்கிறது. நம்ம பக்கம் அப்போது என்ன கிடைக்கும்?

பதில்: அங்கே குளிரும் குறையும் பகலும் இலையை உதிர்க்கின்றன. இங்கே உதிர்வது கோடை முன்வறட்சியில், மாசி பங்குனியில். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கி எல்லாம் தளிர்க்கும். ஆகவே நிறத்தை மரத்தில் தேடாதீர்கள், வயலில் தேடுங்கள். குறுவை என்னும் முதல் போக நெல்லை அறுத்த தாள் பழுப்பாக இருக்கும். முன்னதாக நட்ட சம்பா நெல் கரும்பச்சையாகத் தூர்கட்டி, அதாவது பக்கக் கிளைப்பு விட்டு, தண்ணீரே தெரியாமல் மூடியிருக்கும். அதற்குப் பக்கத்திலேயே தாளடிக்கு, அதாவது குறுவை அறுத்த வயலில் நடும் அடுத்த போகத்துக்கு, உழுத சேறும், புதிதாக நட்ட வயலும் கிடக்கும். வானத்தைப் பிரதிபலிக்கும் படம் வேண்டுமானால் நட்டுப் பத்து நாளுக்குள் இருக்கும் தாளடி வயல்தான். பயிர் தூர்கட்டிவிட்டால் அந்தக் கண்ணாடி மறைந்துவிடும்.

நாள் குறிப்பதில் ஒரே விதி: வானிலை மையம் ஆரஞ்சு எச்சரிக்கை விட்ட மாவட்டத்துக்குப் போகாதீர்கள். அந்த நிறம் பொதுவாக 24 மணி நேரத்தில் 115 மி.மீ.க்கு மேல் மழை வரக்கூடும் என்பதைக் குறிக்கும். அத்தனை மழையில் மண்கரை நடக்கும் இடமல்ல. பெருமழை விட்ட இரண்டாம் நாள் காலைதான் அருமையான வெளிச்சம். தூசி எல்லாம் கழுவப்பட்டிருக்கும்.

கேள்வி (கும்பகோணம்): ஒரே நாள்தான் லீவு. வடுவூரா, கரைவெட்டியா, கோடியக்கரையா?

பதில்: இருவருக்கும் நிதானமாக நடக்கவேண்டும் என்றால் வடுவூர். தஞ்சாவூர் – மன்னார்குடி சாலையிலேயே ஏரி; 1999இல் சரணாலயமானது, 2022இல் ராம்சர் என்னும் உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. திருவாரூர் மாவட்டத்தின் உதயமார்த்தாண்டபுரமும் அதே ஆண்டு சேர்ந்தது. நத்தைகுத்தி நாரைக்கு அங்கே போகலாம். கரைவெட்டிப் பறவை ஏரி கொள்ளிடத்துக்கு வடக்கே, அரியலூர் மாவட்டத்தில். வரித்தலை வாத்துக்கு மார்கழி, தையில் போங்கள். ஐப்பசியில் போய்விட்டு ஏமாந்தோம் என்று சொல்லக்கூடாது.

கோடியக்கரை வேதாரண்யம் பக்கத்துக் கடலோரச் சரணாலயம், முழு நாளையும் கேட்கும். காலையில் வடுவூர், மாலையில் கோடியக்கரை என்று போட்டால் நாள் முழுக்கக் காரில்தான் கழியும்.

கேள்வி (மன்னார்குடி): எத்தனை மணிக்கு எந்தக் கரையில் நிற்கணும்?

பதில்: கார்த்திகைத் தொடக்கத்தில் இங்கே சூரியன் சுமார் 6:05க்கு எழுந்து 5:45க்கு விழுகிறது. 5:40க்கே கரையில் இருங்கள். காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள், வெயில் உங்கள் முதுகில் விழும். மாலையில் மேற்குக் கரை. பலரும் வண்டி நிறுத்திய இடத்திலேயே நின்று சூரியனுக்கு எதிராக எடுத்துவிட்டு, பறவை கறுப்பாக வருகிறது என்று லென்ஸைக் குறை சொல்கிறார்கள்.

இந்த மாதங்களில் ஒரு வசதி உண்டு. நவம்பர் நடுவில் உச்சிவெயில்கூடத் தலைக்கு நேராக இராது. தெற்கே சாய்ந்து சுமார் 60 பாகை உயரத்தில்தான் இருக்கும். அதனால் ஒன்பதரை வரை தாராளமாக எடுக்கலாம், மூன்று மணிக்கே மீண்டும் தொடங்கலாம். இடைப்பட்ட நேரம் சாப்பாட்டுக்கும் மரநிழலில் தட்டான், வண்ணத்துப்பூச்சிக்கும்.

கேள்வி (தஞ்சாவூர்): சார், கொக்கு படம் எடுத்தால் வெறும் வெள்ளைத் திட்டாக வருகிறது. இறகு தெரியவே மாட்டேன் என்கிறது. கேமரா கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. பின்னால் இருப்பது கரும்பச்சைப் பயிர் அல்லது கறுத்த சேறு. படத்தில் முக்கால் பங்கு இருட்டு என்று கேமரா கணக்குப் போட்டு மொத்தத்தையும் வெளிச்சமாக்குகிறது; அதில் கொக்கு எரிந்துபோகிறது. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் ஈடுசெய்தலை –0.7 முதல் –1.3 வரை இறக்குங்கள். திரையில் 'ஹைலைட்' எச்சரிக்கையைப் போட்டுவையுங்கள். கொக்கின் முதுகு மினுக்கினால் இன்னும் கொஞ்சம் இறக்கவேண்டும். நிழல் பகுதியைப் பிறகு தூக்கலாம், எரிந்த வெள்ளையை மீட்க முடியாது.

மேகமூட்ட வானத்துக்கு எதிராகப் பறக்கும் பறவைக்கு இது அப்படியே தலைகீழ்: +1 முதல் +1.7. கொக்கு வயலிலிருந்து எழும்பி வானத்துக்குள் போகும் அரை நொடியில் இரண்டையும் மாற்ற யாராலும் முடியாது. அதனால் வெயில் நிலையாக இருக்கும் காலையில் எல்லா அளவையும் நீங்களே வைக்கும் மேனுவல்தான் நல்லது. ஏழரை மணி வெயிலில் 1/2000 நொடி, எஃப் 6.3, ஐ.எஸ்.ஓ. 500 என்று தொடங்கி, ஒரு கொக்கை எடுத்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். பின்னணி எதுவானாலும் கொக்கின் மேல் விழும் வெயில் ஒன்றுதானே.

கேள்வி (நீடாமங்கலம்): சரணாலயத்துக்கே போகாமல் எங்கள் ஊர் வயலிலேயே எடுக்கலாமா அண்ணே?

பதில்: எடுக்கலாம் என்ன, அதுதான் சிறந்தது. சரணாலய ஏரியில் பறவை நூறு மீட்டர் தள்ளி நிற்கும். தாளடிக்குச் சேற்றுழவு ஓட்டும் வயலில் பத்துப் பதினைந்து மீட்டரில் நிற்கும்.

கேஜ் வீல் என்னும் இரும்புக் கூண்டுச் சக்கரம் போட்ட டிராக்டர் சேற்றைப் புரட்டும்போது புழு, நத்தை, தவளை, வெட்டுக்கிளி எல்லாம் மேலே வரும். உண்ணிக்கொக்கு, சின்னக்கொக்கு, மடையான், அரிவாள் மூக்கன், மைனா, கரிச்சான் எல்லாம் பின்னாலேயே ஓடும். மேலே செம்பருந்து வட்டமிடும். இந்தப் பறவைகள் டிராக்டருக்குப் பயப்படுவதில்லை, நடந்துவரும் மனிதனுக்குப் பயப்படும். ஆகவே நீங்கள் பறவையை நோக்கிப் போகாதீர்கள். வயல் மூலையில், வெயில் முதுகில் படும்படி, வரப்பில் உட்கார்ந்துவிடுங்கள். டிராக்டர் சுற்றிச் சுற்றி வந்து பறவைகளை உங்கள் முன்னால் கொண்டுவந்துவிடும். மூலையில் வண்டி திரும்பும்போதுதான் கூட்டம் மொத்தமாக எழும்பி மறுபடி இறங்கும். விரலைத் தயாராக வைக்கவேண்டிய இடம் அது. 200 மி.மீ. லென்ஸ் போதும். தொடர் ஃபோகஸ், தொடர் கிளிக். நின்றுகொண்டு எடுத்தால் பின்னணி முழுக்கச் சேறு. உட்கார்ந்து கேமராவைப் பறவையின் கண் உயரத்துக்கு இறக்கினால் பின்னால் தூரத்துத் தென்னந்தோப்பு மங்கலாக வரும்.

இரண்டு எச்சரிக்கை. முதலில் நிலத்துக்காரரிடமோ ஓட்டுநரிடமோ சொல்லிவிட்டு உட்காருங்கள். அண்டை வெட்டிப் புதுச் சேறு பூசிய வரப்பில் கால் வைக்கவே கூடாது. ஒரு மிதியில் வரப்பு உடைந்து கட்டிய தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போய்விடும். நாற்றங்காலும் அப்படியே. நடவு நடும் பெண்களைக் கேட்காமல் எடுக்காதீர்கள். குனிந்து வேலை செய்பவரைப் பின்னாலிருந்து டெலி லென்ஸில் எடுப்பது படமல்ல, அநாகரிகம்.

கேள்வி (மயிலாடுதுறை): அண்ணா, இவருக்குப் படம் எடுக்கப் பைத்தியம், எனக்கு நடக்கப் பிடிக்கும். ஒரு கொக்குக்கு முக்கால் மணி நேரம் உட்கார்ந்தால் நான் என்ன செய்வது?

பதில்: இருவரும் ஒரே வேகத்தில் போகவேண்டும் என்பதை விட்டுவிடுங்கள் தங்கச்சி. சும்மா நடந்தால் மணிக்கு நாலு கிலோமீட்டர். கேமராவோடு ஒன்றுகூட வராது. கரையில் இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு மதகையோ பாலத்தையோ சந்திக்கும் இடமாக வைத்து, நீங்கள் முன்னால் போய்விட்டுத் திரும்பி வாருங்கள். எங்கே எது உட்கார்ந்திருக்கிறது என்று நீங்கள் வந்து சொன்னால் அவருக்குத்தான் லாபம்.

8x42 பைனாகுலர் ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும். அதைவிடப் பெரிய உருப்பெருக்கம் வேண்டாம், கை நடுக்கம் தெரியும். பார்த்த பறவைகளை இ-பேர்ட் என்னும் இணையப் பதிவேட்டில் பதிவது உங்கள் வேலை. மதியத்துக்குப் பிறகு கேமராவையும் பைனாகுலரையும் மாற்றிக்கொள்ளுங்கள். இதை அவரிடமும் சொல்லிவிடுங்கள், கொடுக்க மனசு வராது.

கேள்வி (சென்னை): நாங்கள் இருவரும் சேர்ந்த ஒரு நல்ல படம்?

பதில்: மாலை ஐந்தேகாலுக்குக் கேமராவை மேற்கே பார்த்து, தண்ணீர் நிற்கும் தாளடி வயலின் இந்தப் பக்க வரப்பில், தரையிலிருந்து ஒரு சாணில் வையுங்கள். எதிர் வரப்பில் இருவரும் நடங்கள். டைமர் பத்து நொடி, அதன் பிறகு தொடர்ச்சியாகப் பத்துப் படம். முகம் கேமராவைப் பார்க்கவேண்டாம், பக்கவாட்டில் இருக்கட்டும்; இருவருக்கும் நடுவே வெளிச்சம் தெரியும்படி ஒரு முழம் இடைவெளி விடுங்கள். ஒட்டி நடந்தால் நிழலுருவம் ஒரே மொத்தையாக வரும். லென்ஸில் போலரைசர் ஃபில்டர் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள், பிரதிபலிப்பையே அது அழித்துவிடும்.

கேள்வி (புதுச்சேரி): காரிலிருந்து இறங்கி கேமராவை எடுத்தால் லென்ஸ் முழுக்கப் பனி. துடைத்தால் மறுபடி வருகிறது.

பதில்: துடைப்பதை நிறுத்துங்கள். ஏ.சி.யில் குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்றின் ஈரம் படிகிறது. கண்ணாடி சூடாகும்வரை வந்துகொண்டேதான் இருக்கும். இடம் வருவதற்கு அரை மணி முன்பே ஏ.சி.யை அணைத்து ஜன்னலைத் திறங்கள், பையை மூடியே வையுங்கள். பனி படிந்திருக்கும்போது லென்ஸைக் கழற்றினால் அதே ஈரம் சென்சாருக்குப் போகும்.

வீட்டுக்கு வந்தபின் அரிசிப் பானைக்குள் வைக்கும் வைத்தியம் வேண்டாம், தவிட்டுத் தூசிதான் மிச்சம். காற்றுப் புகாத டப்பா, சிலிகா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரமானி. 40 முதல் 50 சதவீதத்தில் நிற்கட்டும். அறுபதைத் தாண்டி வாரக்கணக்கில் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும்.

கேள்வி (வேதாரண்யம் போகும் புதுமணத் தம்பதி): கோடியக்கரையில் வெளிமானும் பூநாரையும் ஒரே நாளில் எடுக்க முடியுமா?

பதில்: வெளிமான் முடியும். பூநாரை ஐப்பசியில் அதிர்ஷ்டம். தை மாதம் பக்கம் வாய்ப்பு கூடும். 1967இல் சரணாலயமான இடம். வனத்துறை அனுமதி பெற்று, அவர்கள் சொல்லும் பாதையில்தான் போகவேண்டும். புல்வெளியில் மான் தலை தூக்கி உங்களையே பார்த்தால் நின்றுவிடுங்கள். அது காலை மாற்றி மாற்றி வைத்தால் அடுத்து ஓட்டம்தான். கூட்டத்தைத் துரத்தித் துள்ளல் படம் எடுப்பவர்களை வனத்துறையிடம் சொல்லுங்கள், தப்பில்லை.

சதுப்பில் ஒன்பது மணிக்கு மேல் தொலைவுப் படம் மங்கும். ஃபோகஸ் தவறவில்லை, சூடான தரைக்காற்று அலைகிறது. எந்த லென்ஸும் அதைச் சரிசெய்யாது, நெருங்கவோ காலையில் வரவோதான் வழி. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இங்கே நெடுங்காலமாகப் பறவைகளுக்கு வளையமிட்டிருக்கிறது. உள்ளான் என்னும் கரைப்பறவைக் கூட்டத்தில் காலில் வளையமோ கொடியோ தெரிந்தால் அழகைப் பார்க்காமல் காலை நெருக்கமாக எடுங்கள். எண் படிந்தால் அது ஆராய்ச்சிக்கு ஆகும். குரங்குகள் முன்னால் தின்பண்டப் பையைத் திறக்கவேண்டாம். கடற்காற்றின் உப்புக்கு, திரும்பியதும் ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து கேமரா உடலைத் துடைத்து, பின் உலர்துணி.

வேலிகளில் செங்காந்தள் பூத்திருக்கும். எஃப் 8, மேகநிழல், ஒருவர் வெள்ளைத் துண்டைப் பிடித்து வெயிலை மறைத்தால் போதும். கிழங்கு முதல் விதை வரை நஞ்சு, கிள்ளி விளையாடவேண்டாம்.

கேள்வி (திருவையாறு): பாம்பு பயம். ஷூவா, செருப்பா?

பதில்: நம் களிமண் நனைந்தால் ஆழப்பள்ளம் உள்ள ஷூவின் அடியில் அப்பிக்கொண்டு கால் ஒன்று ஒரு கிலோ கனக்கும். வயல் வரப்புக்கு முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ். மேட்டுக்கரைக்குக் கணுக்காலை மூடும் ஷூ. கண்ணாடி விரியனும் நல்ல பாம்பும் வரப்பு எலிக்காக வருபவை. மழையில் வளை நிறைந்தால் கரைக்கு ஏறும். புல்லில் உட்காருமுன் குச்சியால் தட்டுங்கள், விடியலிலும் இருட்டிலும் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள்.

கடித்துவிட்டால்: கட்டுப்போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். வளையல், மோதிரம், கொலுசு, மெட்டியைக் கழற்றுங்கள். வீங்கினால் கழற்ற முடியாது. அந்தக் காலை அசைக்காமல் 108ஐ அழைத்து, நஞ்சுமுறி மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்கு. பாம்பைத் தேடி நேரம் வீணாக்கவேண்டாம்.

உண்மையில் பாம்பைவிட எனக்குப் பயம் மூன்று: மழையில் அறுந்து கிடக்கும் மோட்டார் ஒயர், வெட்டவெளியில் இடி, கொள்ளிடத்து மணல். முதலில் சொன்னதைத் தாண்டாதீர்கள். இடிக்குத் தனிப் பனைமரத்தடியில் ஒதுங்காதீர்கள், காருக்குள் போங்கள். கொள்ளிடத்தில் வெள்ளம் திறந்தால் நீங்கள் நிற்கும் இடத்தில் மழை இல்லாமலே தண்ணீர் ஏறும். மணல் எடுத்த குழி மேலே தெரியாது. படம் கரையிலிருந்து மட்டும்.

கேள்வி (பட்டுக்கோட்டை): ட்ரோன்?

பதில்: சரணாலயத்தில் அனுமதியில்லாமல் கூடவே கூடாது, எடை 250 கிராமுக்குக் கீழ் இருந்தாலும். வெளியே ஏரிகளிலும் வேண்டாம். ஒருமுறை பறந்தால் கூட்டம் மொத்தமும் எழும்பிவிடும்.

கேள்வி (பாபநாசம்): வீட்டுக்குப் பின்னால் ஈச்சமரத்தில் தூக்கணாங்குருவி கூடு கட்டுகிறது. எவ்வளவு கிட்டப் போகலாம்?

பதில்: பதினைந்து மீட்டரில் உட்காருங்கள். ஆண்குருவி நாரோடு திரும்ப வந்து வேலையைத் தொடர்ந்தால் சரியான தூரம். அருகில் கம்பியிலேயே உட்கார்ந்து கத்தினால் நீங்கள் கிட்ட இருக்கிறீர்கள், பின்வாங்குங்கள். மறைக்கும் ஓலையை வெட்டாதீர்கள், செல்போனில் குரல் போட்டு அழைக்காதீர்கள். 1/1600 நொடியைவிட மெதுவாகப் போனால் சிறகு கலங்கும். கூட்டின் வாய் கீழ்ப்பக்கம் இருப்பதால் சற்றுப் பக்கவாட்டில் தாழ்வாக உட்கார்ந்தால் உள்ளே நுழையும் கணம் கிடைக்கும். படத்தைப் பகிரும்போது இடக்குறிப்பை அணைத்துவிட்டுப் போடுங்கள்.